அப்பா போன ஒரே மாதத்தில் அம்மாவும்: துக்கம் உயிரை எடுக்குமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 41 வயது. திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் என் பெற்றோர் இருந்தார்கள். சித்திரையில் அப்பா திடீரென்று இறந்துவிட்டார். அம்மாவுக்கு வயது 66. பத்து வருடத்துக்கும் மேலாகச் சர்க்கரை, பிபி இரண்டும் உண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணன் ஷார்ஜாவுக்குக் கிளம்பிவிட்டான். நான் அம்மாவை மதுரைக்கு என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். வந்த எட்டாம் நாள் சாயங்காலம் நெஞ்சு கரிக்கிறது, வாயுவாக இருக்கும் என்றார். ஓம வாட்டர் குடித்துவிட்டுப் படுத்தார். ராத்திரி இரண்டு மணிக்கு வியர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். ஊரில் எல்லாரும், “கவலையிலேயே போயிட்டா, புருஷன் கூடவே போன புண்ணியவதி” என்கிறார்கள். அண்ணனோ, “அவங்க வீட்டை விட்டு நீ கூட்டிட்டுப் போனதுலதான் மனசு உடைஞ்சு போச்சு, நீதான் காரணம்” என்கிறான். அம்மாவின் பையைப் பிரித்தால் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன (படம் இணைத்திருக்கிறேன்). அப்பா இருந்தவரை அவர்தான் காலையில் இரண்டு பேருக்கும் மாத்திரை எடுத்து வைப்பார். மனசு உடைந்தால் மனிதர் இறந்துபோவாரா? நான்தான் காரணமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ நடக்கிறது. “அழுதா நோய் கூடும், தைரியமா இருந்தா குணமாகும்” என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி, அவர் அழவே பயப்படுகிறார். அது உண்மையா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நடுவில் கேட்டிருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. நீங்கள் காரணம் இல்லை. உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று மட்டும் இதை எழுதவில்லை. நீங்கள் கொடுத்திருக்கும் விவரங்களை ஒரு பொது மருத்துவராக இரண்டு முறை படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

துக்கம் உயிரை எடுக்குமா? ஒருவர் போய், முப்பதாம் நாளுக்குள் துணையும் போன கதை நம் எல்லாருடைய குடும்பத்திலும் உண்டு. அது வெறும் பேச்சு இல்லை. பிரிட்டனில் மனைவியை இழந்த, 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1969-இல் முடிவை வெளியிட்டார்கள். மனைவி இறந்த முதல் ஆறு மாதங்களில் இவர்களுடைய இறப்பு, அதே வயதில் மனைவியோடு வாழும் ஆண்களைவிட 40 சதவீதம் அதிகமாக இருந்தது. மாரடைப்பு போன்ற இதய நோய்களால் இறந்தவர்களின் எண்ணிக்கைதான் அதில் மிக அதிகமாகக் கூடியிருந்தது. ஆறு மாதம் தாண்டிய பிறகு அந்த வித்தியாசம் மெல்ல மெல்ல இல்லாமல் போனது.

அப்புறம் 2012-இல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. மாரடைப்பு வந்த ஏறக்குறைய 2,000 பேரிடம் விசாரித்துச் செய்தது. நெருங்கிய ஒருவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட 21 மடங்கு என்று அதில் தெரிந்தது. நாள் ஆக ஆக அது குறைந்தது. 21 மடங்கு என்றதும் மனசு பதறும். ஆனால் அதே ஆய்வு இன்னொரு கணக்கையும் கொடுத்திருக்கிறது. இதய நோய் வரும் அபாயம் குறைவாக உள்ளவர்களில், அந்தத் துக்க வாரத்தில் கூடுதலாக மாரடைப்பு வருவது 1,394 பேரில் ஒருவருக்கு. அபாயம் ஏற்கெனவே அதிகமாக உள்ளவர்களில் 320 பேரில் ஒருவருக்கு. இழப்பு எல்லாருக்கும் இழப்புதான். அதைத் தாங்கும் ரத்தக்குழாய் எந்த நிலையில் இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

1994 ஜனவரி 17 விடிகாலையில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தை நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் உலுக்கியது. வழக்கமாக அங்கே ஒரு நாளைக்கு நான்கைந்து பேர் இதய நோயால் திடீர் மரணம் அடைவார்கள். அன்றைக்கு மட்டும் 24 பேர். பயத்திலேயே செத்தார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அடுத்த சில நாட்களில் அந்த எண்ணிக்கை வழக்கமான அளவுக்கும் கீழே போனது. அதாவது, அன்றைக்கு இறந்தவர்களில் பலர் ஏற்கெனவே இதயக் குழாய் அடைப்போடு, விளிம்பில் நின்றவர்கள். அதிர்ச்சி அவர்களைச் சில நாள் முன்னதாகத் தள்ளிவிட்டது. நல்ல இதயத்தோடு இருந்த லட்சக்கணக்கானவர்கள் அதே நிலநடுக்கத்தில் அதே மாதிரி நடுங்கிவிட்டு உயிரோடுதான் இருந்தார்கள்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். அதிர்ச்சியில் அட்ரினலின் கொட்டுகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தொடங்குகின்றன. கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடுவதால் சர்க்கரையும் ஏறுகிறது. ராத்திரி தூக்கம் போகிறது. இளவயதில் இது வந்த வழியே போய்விடும். இதயக் குழாயின் உட்சுவரில் கொழுப்புத் திட்டு படிந்திருக்கும் ஒருவருக்கு அந்தத் திட்டு வெடித்து, அங்கே ரத்தம் உறைந்தால் மாரடைப்பு.

துக்கத்தாலேயே வரும் இதயக் கோளாறு ஒன்றும் உண்டு. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தது. தகோட்சுபோ என்று பெயர். குழாயில் அடைப்பே இல்லாமல் இதயத்தின் நுனிப் பகுதி சுருங்க முடியாமல் உப்பிப்போகும். வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதிலும் மாதவிடாய் நின்றவர்கள். 2005-இல் இப்படிப்பட்ட 19 நோயாளிகளை அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தபோது, அவர்கள் ரத்தத்தில் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் கடும் மாரடைப்பு நோயாளிகளைவிடவும் இரண்டு மூன்று மடங்கு இருந்தன. ஆனால் இது வந்தவர்களில் பெரும்பாலானோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். உங்கள் அம்மாவுக்கு வந்தது இதுவா என்று ஈசிஜி, எக்கோ, ஆஞ்சியோகிராம் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. பத்து வருடத்துக்கும் மேலான சர்க்கரை, பிபி, நெஞ்சு கரிப்பு, வியர்வை, எட்டு மணி நேரத்துக்குள் மரணம் என்று வரிசையாகப் பார்த்தால், சாதாரண மாரடைப்புதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.

இனி அந்த மாத்திரை அட்டைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் படத்தைத்தான்.

அதில் இருக்கும் பிபி மாத்திரையில் அட்டெனோலால் சேர்ந்திருக்கிறது. வருடக்கணக்கில் அதைச் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால், அதுவரை கட்டுப்பட்டிருந்த இதயத் துடிப்பும் அழுத்தமும் எகிறும். இதயக் குழாயில் அடைப்பு இருப்பவருக்கு அது நெஞ்சுவலியையோ மாரடைப்பையோ கொண்டுவரலாம். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் மாத்திரைகளில் அதுவும் ஒன்று. அட்ரினலின் கொட்டுகிற நாட்களில்தான் அது மிகவும் தேவைப்பட்டது; அந்த நாட்களில்தான் அது உள்ளே போகவில்லை.

துக்கத்தில் நடக்கும் மரணங்களில் பல இந்த வழியாகத்தான் வருகின்றன என்பது என் கருத்து. நாற்பது வருடம் ஒருவர் மாத்திரையை எடுத்துக் கொடுத்திருப்பார், இன்னொருவர் சோறு போட்டிருப்பார். ஒருவர் போனதும் அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. மனைவியை இழந்த ஆண்களுக்கு ஆபத்து கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும். பசித்தால் என்ன செய்வது என்றுகூடத் தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை எல்லா ஊரிலும் பார்க்கிறோம்.

நம் சாவு வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணவனை இழந்தவரை ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுகிறோம். வருகிற ஒவ்வொருவரும் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்க, அவரும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து அழ வேண்டும். அழுவதில் தவறில்லை, கூட நாலு பேர் அழுவது நல்லதும்கூட. ஆனால் அவருக்கு யார் சாப்பாடு கொடுத்தார்கள், இன்சுலின் போட்டாரா, தண்ணீர் குடித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. சித்திரை வெயிலில் பந்தலுக்குக் கீழே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். தலை சுற்றுகிறது என்றால், “அழுது அழுது சோர்ந்துட்டா” என்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், “காரியம் முடியட்டும், அதுக்குள்ள வாசல் தாண்டக் கூடாது” என்பார்கள். இந்தக் கடைசி வாக்கியம் எனக்குக் கோபத்தையே உண்டாக்குகிறது. மாரடைப்பு காரியம் முடிகிறவரை காத்திருக்காது. பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால், கைகூப்பிக் கேட்கிறேன்: சாவு வீட்டில் மாலை யார் வாங்குவது, வண்டி யார் சொல்வது என்று வேலை பிரிக்கும்போது, அம்மாவின் மாத்திரை யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துப் பிரியுங்கள். கிராமத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வாங்குகிறவர் என்றால், ஊர் மாறும்போது அது விட்டுப்போகும். புது இடத்தில் பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பழைய சீட்டைக் காட்டித் தொடர்ந்து வாங்கலாம்.

இதைப் படித்ததும், “அப்படியென்றால் மாத்திரையை நான் பார்த்திருக்க வேண்டும்” என்று உங்கள் மனசு அடுத்த குற்றத்தைத் தேடிப் பிடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். உங்களுக்கும் அப்பா போய் மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அம்மா நிதானமாக நடமாடிக்கொண்டு, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் பையைத் திறந்து பார்க்க உங்களுக்குத் தோன்றாதது இயல்பு. மாத்திரைப் பொறுப்பு அப்பாவிடம் இருந்ததே உங்களுக்குத் தெரியாமல்கூட இருந்திருக்கலாம். இதையெல்லாம் கேட்டு எச்சரிக்க வேண்டியது மருத்துவர்களாகிய எங்கள் வேலை. நோயாளியின் துணை இறந்துவிட்டார் என்று தெரிந்தும், “சரி, இனி மாத்திரை யார் எடுத்துக் கொடுப்பார்கள்?” என்று கேட்கிறவர்கள் எங்களில் குறைவு. இன்னொன்றையும் யோசியுங்கள். ஒரு நாள்கூட விடாமல் மாத்திரை சாப்பிட்டிருந்தாலும், அத்தனை வருடச் சர்க்கரை அவர் இதயக் குழாய்களில் செய்துவைத்திருந்ததை அந்த ஒரு வாரம் மாற்றியிருக்காது.

நெஞ்சு கரிப்பை வாயு என்று நினைத்ததும் அப்படித்தான். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரலாம். பெண்களுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது போல இல்லாமல், கரிப்பு, குமட்டல், மூச்சு வாங்குவது, தாடையில் வலி, காரணமில்லாத அசதி என்றும் வரலாம். மருத்துவமனையிலேயே சில சமயம் இதை வாயு என்று அனுப்பிவிடுகிறார்கள். உங்களால் தெரிந்துகொண்டிருக்க முடியாது. ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும்: 50 வயது தாண்டிய, சர்க்கரை உள்ள ஒருவர் நெஞ்சு கரிக்கிறது என்று சொல்லி, அதோடு வியர்வையும் இருந்தால், ஓம வாட்டரைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

அண்ணன் சொல்வதைப் பார்ப்போம். வீடு மாறியதால் மனசு உடைந்து, அதனால் இதயம் நின்றது என்று நிரூபிக்க எந்தப் பரிசோதனையும் கிடையாது. தனியாக விட்டிருந்தால் அதே இரவு, அதே இரண்டு மணிக்கு, பக்கத்தில் ஆளே இல்லாமல் அவர் போயிருக்கலாம். துணையாக மனிதர்கள் இருப்பது ஆயுளுக்கு நல்லது என்பதற்குத்தான் ஆதாரம் நிறைய இருக்கிறது. 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டு அலசல் ஒன்றில், உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலங்களில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. நீங்கள் அம்மாவை அழைத்து வந்தது அந்தப் பக்கம் சேரும். அண்ணன் அப்படிப் பேசுவதும் துக்கம்தான். கடைசி நேரத்தில் கூட இல்லாதவருக்கு யார் மேலாவது பாரத்தை இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

சித்தி விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்கிறேன்: அழுதால் புற்றுநோய் கூடாது. அவர் அழட்டும்.

மனநிலை புற்றுநோயை மாற்றும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1989-இல் அமெரிக்காவில், பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், குழுவாகக் கூடி மனம்விட்டுப் பேசியவர்கள் மற்றவர்களைவிட இரு மடங்கு காலம் வாழ்ந்தார்கள் என்று வந்தது. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. 2001-இல் 235 பெண்களை வைத்து அதே முறையைக் கனடாவில் சோதித்தார்கள். மனவேதனை குறைந்தது, வலி குறைந்தது, ஆயுள் கூடவில்லை. முதல் ஆய்வைச் செய்த மருத்துவரே 2007-இல் மறுபடி செய்து பார்த்தார். அவருக்கும் பழைய முடிவு கிடைக்கவில்லை. அதே ஆண்டு, தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள 1,093 பேரைப் பார்த்த ஆய்விலும் மனநிலைக்கும் உயிர் பிழைப்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. பிரிட்டனில் 7 லட்சம் பெண்களைப் பற்றிய 2015-ஆம் ஆண்டு ஆய்வும் இதையொட்டித்தான் பேசுகிறது: ஏற்கெனவே இருக்கும் நோயைக் கணக்கில் எடுத்துவிட்டால், மகிழ்ச்சி இல்லாததால் மட்டும் யாரும் சீக்கிரம் இறப்பதில்லை. உடம்பு முடியாமல் போவதால் மனசு வாடுகிறது; நாம் அதைத் தலைகீழாகப் படித்துவிடுகிறோம்.

மகன் வருகிறவரை உயிரைக் கையில் பிடித்திருந்தார் என்று ஊரில் சொல்வதையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் புற்றுநோயோடு இறந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் இறப்புத் தேதிகளைப் பிறந்தநாள், பண்டிகை நாட்களோடு ஒப்பிட்டு 2004-இல் வெளியிட்டார்கள். அந்த நாளுக்காக மரணத்தைத் தள்ளிப்போட்டதாக எந்த அடையாளமும் இல்லை. அண்ணன் போகிறவரை அம்மா காத்திருந்தார் என்றோ, அவர் போனதால் போனார் என்றோ நினைக்க வேண்டியதில்லை.

“தைரியமா இரு” என்று சொல்கிறவர்களுக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு கொடுமை இருக்கிறது. நோய் கட்டுப்படாவிட்டால், நான்தான் தைரியமாக இல்லை என்ற பழியும் நோயாளியின் தலையில் விழுகிறது. சித்தியைக் காப்பாற்ற வேண்டியது கீமோவும் அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும். அவர் செய்ய வேண்டியது குறித்த தேதியில் போவது, காய்ச்சல் அடித்தால் உடனே சொல்வது, முடிந்ததைச் சாப்பிடுவது. மனநிலையை நாங்கள் கவனிப்பது ஒரு காரணத்துக்காக: இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடு தூக்கம் இல்லாமல், சிகிச்சையே வேண்டாம் என்று அவர் சொல்லத் தொடங்கினால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சிகிச்சையை விட்டுவிட வைத்தால் அது உயிருக்கு ஆபத்து. அதற்குத் தனியாக மருந்து இருக்கிறது. புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள். “செத்துவிடலாம்” என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

உங்களுக்கும் இந்த எண் பொருந்தும். ஒரு மாதத்துக்குள் அப்பா, அம்மா இருவரையும் இழந்தவர் நீங்கள். அதற்கு மேல் கொலைப்பழி வேறு. தூக்கம் வராதது பற்றி உங்கள் ஊர் மருத்துவர் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். அங்கே போகும்போதே சர்க்கரை, பிபி, கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்த்துவிடுங்கள்; பெற்ற தாய்க்குச் சர்க்கரை, தந்தைக்குத் திடீர் மரணம் என்றால் 41 வயதில் இது கட்டாயம். அதே ரத்தம்தான் அண்ணனுக்கும். அவருக்குப் போன் போட்டு, ஷார்ஜாவிலேயே இந்தப் பரிசோதனைகளோடு ஓர் ஈசிஜியும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மா விஷயத்தை அன்றைக்குப் பேச வேண்டாம்.